காணாமல்போன ஆறு நிமிடம்

ரேவின் பாஸ்கோவிடம் நானூற்றுப் பதினெட்டு மாடுகள் இருந்தன. மாட்டின் முகத்தைப் பார்த்து எண் சொல்கிறவர்கள், உலகின் தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் மத்தாவுரா ஆற்றுப் பக்கம் நிறையப் பேர் உண்டு. ரேவின் மடியைப் பார்த்தே சொல்வார். கறவைக் கொட்டகையின் நடுப் பள்ளத்தில் நிற்பவருக்குக் கண் மட்டத்தில் தெரிவது இரண்டு பக்கமும் வரிசையாகப் பின்னங்கால்களும் மடிகளும்தான். முப்பத்திரண்டு வருடம் அதைப் பார்த்து வந்தவர். "இவ போன வருஷம் வலது பின்காம்பு வீங்கினவ. இவ அம்மா இருக்காளே, அவ ஒரு உதைகாரி. அந்தப் புத்தி இவளுக்கும் இருக்கு" என்று கறவைக் குழல்களை மாட்டிக்கொண்டே சொல்லிப் போவார். கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்த மாட்டுக்கு மருந்து, என்று வரைக்கும் என்று எல்லாரும் எழுதிவைக்கிற பலகை. ரேவின் கொட்டகையில் அது ஒன்றும் எழுதப்படாமல் புத்தம் புதிதாக இருக்கும்.

மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள் அவர். பத்தொன்பது வயதில் ஒரு பண்ணையில் கன்றுகளுக்குப் பால் ஊற்றும் வேலைக்கு வந்தார். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ட்ரெவைக் கட்டிக்கொண்டார். ஊர் ஊராகப் பிறர் மாடுகளைக் கறந்து, கன்று கன்றாகச் சேர்த்து, கடைசியில் நிலம் இன்னொருவருடையது, மாடுகள் தங்களுடையவை என்ற ஏற்பாட்டில் இந்தப் பண்ணைக்கு வந்தார்கள். வந்து பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடத்தில் அவர்கள் தொட்டியிலிருந்து போன பாலில் ஒரு தடவைகூடப் பால் ஆலை குற்றம் சொன்னதில்லை. ரேவின் எதைப் பற்றியும் பீற்றிக்கொள்கிற ஆள் இல்லை. இது ஒன்றைத் தவிர.

இன்னொன்றும் உண்டு, தூக்கம். தனக்குத் தூக்கம் தேவைப்படுவதில்லை என்பது அவர் கட்சி. கன்று ஈனும் பருவத்தில் எல்லாரும் கண் சிவந்து திரியும்போது, வைக்கோல் கட்டின் மேல் பத்து நிமிடம் சாய்ந்துவிட்டு எழுந்து போவார். யாராவது கேட்டால், "தூங்கத்தான் ஜூன் மாசம் இருக்கே" என்பார். எங்கள் ஊரில் ஜூன் நடுக்குளிர்காலம், மாடுகள் வற்றிவிடும். கறவை கிடையாது.

நான் ஆறு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, பால் டேங்கர் ஓட்டத் தொடங்கிய முதல் ஆகஸ்டில் இது நடந்தது. ரேவினின் பண்ணை என் பாதையில் நான்காவது.

அந்த ஜூலை கடைசியில் ஒரு மாடு திமிறி இரும்பு வாயிற்கதவை ட்ரெவின் மேல் சாத்தியது. இடது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. விரல் முனையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. ஒவ்வொரு வருடமும் இரவுச் சுற்றை இருவரும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்: ஈனும் மாடுகள் நிற்கும் வயலில் பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று. இப்போது இரண்டும் ரேவின் தலையில் விழுந்தன. காலை நாலே காலுக்கு எழுந்து கறவை. மாலை மூன்று மணிக்கு மறுபடி கறவை. இடையில் பிறந்த கன்றுகள், எழ முடியாமல் விழுந்து கிடக்கும் மாடுகள், ஆலங்கட்டி மழை, முழங்கால் சேறு.

"ஒரு ஆளைப் போட்டுக்கலாம்" என்றார் ட்ரெவ்.

"யாரை? இந்த மாசத்துல சும்மா இருக்கிறவன் எவன்? அப்படி ஒருத்தன் சும்மா இருந்தா அவனுக்கு வேலை தெரியாதுன்னு அர்த்தம்."

"பக்கத்துப் பண்ணை கெல்வின்கிட்ட கேட்டா அவன் பையனை அனுப்புவான்."

"ஆறே ஆறு வாரம் ட்ரெவ். நீ சீஸ் ரோல் சுடு. அது போதும்."

ரொட்டித் துண்டில் சீஸைத் தடவிச் சுருட்டி, ஒற்றைக் கையால் ட்ரெவ் சுட்ட சீஸ் ரோல்கள் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வெளுத்து இருக்கும். டேங்கர் நிற்கும் நேரத்தில் எனக்கும் ஒன்று கிடைக்கும். அதை நீட்டும்போது அவர் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி சொல்வார். "இன்னிக்குக் கெட்டில் ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துச்சு." "இன்னிக்கு என்னை நானூத்தி மூணுன்னு கூப்பிட்டா." "அந்த நானூத்தி மூணு நல்ல மாடா?" என்று நான் கேட்டேன். "நொண்டி" என்றார்.

சிரித்தோம். ரேவினும் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் தாமதமாக, நாங்கள் முடித்த பிறகு.

பதினைந்தாம் நாள் வாக்கில், தலை மாறிக் கிடந்த ஒரு கன்றை எடுக்க மாட்டு மருத்துவர் அன்னெகே வந்திருந்தார். ஹாலந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார். கன்று உயிரோடு வெளியே வந்தது. கை கழுவிக்கொண்டிருந்த அன்னெகேயிடம் ரேவின், "கன்னு எந்தப் பக்கமா வருது?" என்று கேட்டார். கன்று அவர் காலடியில் கிடந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அன்னெகே குழாயை மூடினார். "எத்தனை மணி நேரம் தூங்குற?"

"போதுமான அளவு."

"மணிக்கணக்குல சொல்லு."

"மூணு. ரெண்டு தவணையா. எனக்கு அது போதும், நல்லாத்தான் இருக்கேன்."

"நாலு பீர் அடிச்சவனும் அப்படித்தான் சொல்லுவான், நல்லாத்தான் இருக்கேன்னு. உனக்கு அந்த பீரோட சுகம்கூடக் கிடைக்கல." கோட்டைக் கழற்றி உதறினார். "கேளு ரேவின். தூக்கம் கெட்டா முதல்ல கை தடுமாறும்னு நினைக்கிற, இல்லையா? தடுமாறாது. கை பழகின வேலையைச் செஞ்சிட்டேதான் இருக்கும். கண்ணும் திறந்தே இருக்கும். உள்ள ஆள் இருக்காது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். ஆள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ‘நான் சரியாத்தான் இருக்கேன்’னு தீர்ப்பு சொல்றதும் அதே தூங்காத தலைதானே?"

"உன் பில்லுல இந்தப் பிரசங்கத்துக்குத் தனியாப் போடுவியா?"

"இது இலவசம். அந்தச் சிவப்பு மாடுகளைத் தனியாப் பிரி. அதையாவது செய்."

சிவப்பு மாடுகள் என்றால் மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஏற்றப்பட்டவை. பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டியிருக்கும். மருந்து உடம்பிலிருந்து போகும் வரை அவற்றின் பால் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. எல்லாரும் அவற்றைத் தனி மந்தையாக நிறுத்திக் கடைசியில் கறப்பார்கள். ரேவின் பிரிப்பதில்லை. பெரிய மந்தையோடு வரவிட்டு, சிவப்புப் பட்டை எதிரே வரும்போது அந்த மாட்டுக்கு மட்டும் தனி வாளியை மாட்டிக் கறந்து சாக்கடையில் கொட்டிவிடுவார். அதில் தினமும் முக்கால் மணி நேரம் மிச்சம். "சிவப்பு என் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்பார். பதினைந்து வருடமாகத் தெரிந்துதான் இருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அந்த மாதம் அவர் கொஞ்சம் உட்கார்ந்தார் என்பதால், அன்னெகே சொன்ன அன்றும் அவர் பிரிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் நடந்ததை ரேவின் பிறகு எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகளில்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் நின்று நான்காவது வரிசைக்குக் குழல்களை மாட்டத் தொடங்கினார். கொட்டகை வானொலியில் ஆறு மணிச் செய்தி ஆரம்பித்தது. ஏதோ ஒரு துறைமுக வேலைநிறுத்தம். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே, குரல் மாறாமல், தெற்குக் கடற்கரையில் பனிப்பொழிவு என்று சொன்னார்கள். வேலைநிறுத்தத்துக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தார். பிறகுதான் புரிந்தது, ஓடிக்கொண்டிருந்தது வானிலை. செய்தி முடிந்துவிட்டிருந்தது. ஆறு நிமிடம்.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருபத்து நான்கு மாடுகளும் கறந்து முடிந்து நின்றன. குழல்கள் எல்லாம் மறுபக்க வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தன. காம்புகளில் மருந்துகூடத் தெளித்தாகிவிட்டது. ஒன்பதாவதாக நின்ற மாட்டின் காலில் சிவப்புப் பட்டை. இருநூற்றுப் பதினேழு. முந்தின நாள் மாலைதான் மருந்து ஏற்றியது. மடி காலியாகத் தொங்கியது.

தனி வாளி ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தார், ஈரமாக இருந்தது. அந்தக் கொட்டகையில் எதுதான் ஈரமில்லை? சாக்கடையில் பால் வெண்மை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்தார். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கறவையை முடித்தார், கொட்டகையைக் கழுவினார், வீட்டுக்குப் போனார். ட்ரெவ் முன்னால் வைத்த தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எப்போதும் வாளியை மாட்டுகிறவள் நான், ஆகவே மாட்டியிருப்பேன். எப்போதும் விழித்திருக்கிறவளும் நான்தானே, ஆகவே? அங்கே வந்ததும் யோசனை அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை அப்படிச் சுற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. ட்ரெவ், "முட்டை ஆறுது" என்றார். பிறகு, "முட்டை ஆறிடுச்சு" என்றார். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே இருபது நிமிடம் போயிருந்தது என்று பிறகு ட்ரெவ் சொன்னார்.

நான் ஒன்பது மணிக்கு அங்கே டேங்கரைத் திருப்பினேன். தொட்டிப் பாலை முகர்ந்தேன், குளிர்ச்சி பார்த்தேன், மாதிரிக் குப்பியை நிரப்பினேன். எதிலும் குறையில்லை. மருந்துக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குழாயை இணைத்துவிட்டு பம்ப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனபோது வீட்டுப் பக்கமிருந்து யாரோ என் பெயரைக் கூவுவது கேட்டது.

"ப்ரையர்! எடுக்காத!"

ரேவின் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒரு காலில் அவருடைய ரப்பர் பூட்ஸ், மற்றதில் ட்ரெவுடையது. பின்னால் ட்ரெவ், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி.

"எடுத்துட்டியா?"

"இல்ல. என்னாச்சு?"

"பாலுல மருந்து இருக்கலாம்."

"இருக்கலாம்னா? கலந்துடுச்சா இல்லையா?"

"தெரியல."

"எந்த மாடு?"

"இருநூத்திப் பதினேழு. வாளியை மாட்டினேனா இல்லையான்னு எனக்குத் தெரியல."

ட்ரெவ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "மாட்டியிருப்பே. நீ மறக்கிற ஆளா? பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவை மறந்திருக்கியா?"

"மறந்தா மறந்தேன்னு சொல்லிடுவேன் ட்ரெவ். மறக்கல. நான் அங்க இல்ல." அவர் குரல் உயரவே இல்லை. "ஆறு மாடு விழுந்து கிடந்த வருஷம்கூட எது எங்க கிடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இது வெறும் ஓட்டை."

"சரி, ஓட்டைன்னே வெச்சுக்க. அது டேங்கர் ஓட்டுற இந்தப் பொண்ணோட பிரச்சினையா? ஆலைக்குத் தெரிஞ்சா உன் பேரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

என் டேங்கரில் ஏற்கெனவே மூன்று பண்ணைகளின் பால் இருந்தது. அதில் ஒன்று கெல்வினுடையது. ரேவின் அந்த டேங்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை நான் அழுத்தியிருந்தால், அதன்பின் பரிசோதனையில் மருந்து தெரிந்தால், நான்கு பண்ணைகளின் பாலும் மண்ணுக்குப் போகும். அழுத்தாமல் விட்டால், பதினைந்து வருடத்தில் முதல் முறையாக ரேவின் பாஸ்கோ தொலைபேசியை எடுத்து, தன் பால் மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று சொல்ல வேண்டும்.

"போனைக் குடு" என்றார்.

என் போனிலிருந்துதான் ஆலையைக் கூப்பிட்டார். பெயர், பண்ணை எண், மாட்டின் எண், மருந்தின் பெயர், ஏற்றிய நேரம். எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. "கறந்தப்போ என்ன நடந்தது?" என்று எதிர்முனையில் கேட்டது எனக்கும் கேட்டது. ரேவின் கண்ணை மூடிக்கொண்டு, "தூங்கிட்டேன். நின்னுக்கிட்டே. வேலை செஞ்சுக்கிட்டே" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ட்ரெவும் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். ட்ரெவ் தலையைத் திருப்பி, மழை நின்றுவிட்டதா என்று பார்ப்பதுபோல் வயலைப் பார்த்தார்.

குழாயைக் கழற்றினேன். தொட்டியில் ‘எடுக்க வேண்டாம்’ அட்டையைத் தொங்கவிட்டேன். குப்பியை மட்டும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டேன்.

"முடிவு எப்போ தெரியும்?"

"மத்தியானம் ரெண்டு மணி ஆகும். நீங்க போய்ப் படுங்க ரேவின்."

"படுத்தா தூக்கம் வருமா இப்போ?"

வந்தது. நாற்காலியில், மேசை மேல் கையை வைத்தபடி, ட்ரெவ் கொடுத்த சீஸ் ரோலில் ஒரு கடிதான் கடித்திருந்தாராம். மிச்சம் கையிலேயே இருந்ததாம். ட்ரெவ் எடுத்துவிடப் பார்த்தபோது கை விடவில்லையாம். ட்ரெவ் கெல்வினைக் கூப்பிட்டார். நடந்ததைக் கெல்வின் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "என் பாலைக் காப்பாத்தினவளுக்காக நான் ஒரு மூணு மணிக் கறவை பார்க்க மாட்டேனா? ஆனா ஒண்ணு, உன் மாடுங்க என்னை உதைக்கும்" என்றார்.

"உதைக்கட்டும். உனக்குத் தேவைதான்."

இரண்டே காலுக்கு ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. ட்ரெவ் எடுத்தார். பால் சுத்தம். மருந்தின் சுவடே இல்லை. ரேவின் அந்தச் சத்தத்தில் விழித்திருந்தார். கன்னத்தில் மேசைத் துணியின் கோடுகள்.

"சுத்தமாம்! நான் சொல்லல? நீ மாட்டியிருப்பேன்னு நான் சொல்லல?"

ரேவின் சிரிக்கவில்லை. "நிச்சயமா? வேற பண்ணையோட குப்பி இல்லையே?"

"உன் குப்பிதான்."

"அப்போ வாளியை மாட்டியிருக்கேன். கறந்திருக்கேன். கொட்டியிருக்கேன். கழுவிக்கூட வெச்சிருக்கேன்."

"ஆமா. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே."

"யாரு செஞ்சா ட்ரெவ்?"

ட்ரெவ் போனை மேசையில் வைத்தார். பால் கெட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று ரேவின் பிறகு என்னிடம் சொன்னார். தப்புச் செய்த கையைத் திருத்தலாம். அன்று சரியாகச் செய்த கை, நாளைக்கும் சரியாகச் செய்யும் என்பதற்கு யார் பொறுப்பு? ஆளில்லாத வண்டி ஒரு நாள் தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்காக, மறுநாளும் ஆளில்லாமல் அனுப்புவார்களா?

அன்று மாலை நான்கு மணிக்குப் படுத்தவர் மறுநாள் காலை ஒன்பதுக்கு எழுந்தார். இரவுச் சுற்றையும் காலைக் கறவையையும் கெல்வினின் மகன் பார்த்தான். எழுந்தவுடன் ரேவின் முதலில் போனது சிவப்பு மாடுகளிடம். மொத்தம் ஐந்து. அவற்றைக் கிழக்கு வயலில் தனியாகப் பிரித்தார். பிறகு கொட்டகைக்கு வந்து அந்த வெள்ளைப் பலகையில் ஐந்து எண்களையும் எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்தார். இரண்டு எண்களின் இடம் மாறியிருந்தது. அழித்துத் திரும்ப எழுதினார்.

அதன்பின் ட்ரெவிடம், "மூணு மணிக் கறவையை நிறுத்திடலாம்" என்றார்.

ட்ரெவுக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம். "எது வரைக்கும்?"

"உன் கட்டைப் பிரிக்கிற வரைக்கும். ஒரு வேளை கறந்தா போதும். பால் குறையும், குறையட்டும். இது கணக்குப் போடாத முடிவுன்னு நினைக்காத. பதினேழு மணி நேரம் தூங்கின தலையோட எடுத்த முடிவு."

"மாடுங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"மாடுங்க சந்தோஷமாப் படுத்துக்கும். உனக்குத்தான் கஷ்டம். ரெண்டு மணிக்கு மேல என்னைச் சமாளிக்கணும்."

எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் மாதம் ஒரு வேளைக் கறவைக்கு மாறுவது என்பது, மாட்டை விற்கப்போகிறேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கீழே. செய்தி இரண்டு நாளில் பரவியது. தீவனக் கடைக்காரர் என்னிடம், "ரேவினுக்கு வயசாயிடுச்சோ?" என்றார். "தூக்கம் வந்துடுச்சு" என்றேன். அவர் அதை நோயின் பெயர் மாதிரி வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய கண்களும் அன்று செங்கல் நிறத்தில்தான் இருந்தன. மீதிச் சில்லறையை இரண்டு முறை தப்பாக எண்ணிவிட்டு, மூன்றாம் முறை என் கையிலேயே எல்லாவற்றையும் கொட்டி, "நீயே எடுத்துக்க" என்றார்.

அடுத்த வாரம் என் பாதையின் நேரம் மாறியது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு அங்கே போய் நின்றேன். வழக்கமாக இயந்திரங்கள் அலறும் நேரம். கொட்டகை காலியாக இருந்தது. மாடுகள் தூரத்தில், வெயில் பட்ட சரிவில் படுத்துக் கிடந்தன. தொட்டியின் அளவுகோலைப் பார்த்தேன். முந்தைய வாரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சீட்டில் எழுதி ஆணியில் குத்தினேன்.

ட்ரெவ் பின்கதவைத் திறந்து வந்தார்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"காலையிலயே அவ பார்த்துட்டா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு மணிக்குப் போய்ப் படுத்துட்டா" என்றார் ட்ரெவ். "பம்பைப் போடு, பரவால்ல. அந்தச் சத்தத்துக்கெல்லாம் எழுந்திருக்க மாட்டா."